சீட்டு நோட்டும் மருமகளின் ஆராய்ச்சியும்

"உங்க மருமக என்ன பண்றா?" என்று யாராவது கேட்டால், "பி.எச்டி. பண்றா" என்பேன். "ஓ, எந்தக் காலேஜ்ல வேலை?" என்பார்கள். "வேலை இல்லீங்க, ஆராய்ச்சி" என்றால் முகம் மாறிவிடும். "இன்னுமா படிச்சிட்டிருக்கா? குழந்தை பொறந்தப்புறமுமா?"

சகோதரிகளே, இதைக் கேட்டவர்களை நான் குறை சொல்ல முடியாது. ஏனென்றால் இதே கேள்வியை அவளிடம் முதலில் கேட்டவள் நான்தான். "பாப்பா வந்தாச்சு, இனி எதுக்கு அம்மிணி?" என்று கேட்டேன். ஒரு கல்யாண வீட்டில், "ரெண்டு மாசத்துல தானா விட்டுடுவா" என்று உறவினர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். அது அவள் காதில் விழுந்தது என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். 1980-ல் பீளமேட்டில் வாழ்க்கைப்பட்டேன். அவர் மில்லில் ஃபிட்டர். நான் வீடு, மாடு, குழந்தைகள், அப்புறம் சீட்டு. இந்தச் சீட்டைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள், மருமகளின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி என் மண்டையில் ஏறியதற்கு அதுதான் காரணம்.

1986-ல் எங்களிடம் இருபது பேர் சேர்ந்த குலுக்கல் சீட்டு ஒன்று இருந்தது. ஆளுக்கு மாதம் நூறு ரூபாய். மாதாமாதம் பெயர்களைச் சீட்டில் எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவளுக்கு 2,000 ரூபாய். நடத்தியது மூன்று பேர்: பீளமேட்டில் நான், சிங்காநல்லூரில் என் நாத்தனார், ஒண்டிப்புதூரில் என் ஓரகத்தி. மூன்று வீட்டிலும் மூன்று நோட்டு. ஒரு நோட்டு கரையான் அரித்தாலும், குழந்தை கிழித்தாலும் கணக்கு போகாது இல்லையா? அந்த யோசனை என்னுடையதுதான். இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமை.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குலுக்கல் நாத்தனார் வீட்டில் நடக்க வேண்டும். பேய் மழை. பஸ் இல்லை. ஓரகத்திக்குக் காய்ச்சல். நான் நாலு மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'இந்த மழையில் அங்கே யார் போயிருப்பார்கள், குலுக்கல் நடந்திருக்காது' என்று நானாக நினைத்துக்கொண்டு, எங்கள் தெருக்காரர்களை வைத்துச் சொம்பைக் குலுக்கிவிட்டேன். அங்கே நாத்தனார், 'அண்ணி வரவில்லை, நாமே முடித்துவிடலாம்' என்று அவளும் குலுக்கிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் இரண்டு பெண்கள் பணம் கேட்டு வந்து நின்றார்கள். இரண்டு நோட்டில் இரண்டு பெயர். இரண்டு குலுக்கலும் சாமி சாட்சியாக நியாயமாக நடந்தவை. யாருக்கு இல்லை என்று சொல்வது? ஒருத்திக்கு மகன் பள்ளிக்கூட ஃபீஸ், ஒருத்திக்கு ஆபரேஷன் கடன். நான் என் இரண்டு வளையல்களை அடகு வைத்து இருவருக்கும் கொடுத்தேன். மீட்க ஏழு மாதம் ஆயிற்று. அவருக்கு இன்றுவரை தெரியாது. (இந்தப் பத்திரிகையை அவர் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

அதன் பிறகு ஒரு சட்டம் போட்டோம். மூன்று பேரில் இரண்டு பேராவது ஒரே இடத்தில் நேரில் உட்கார்ந்தால் ஒழிய யாரும் சொம்பைத் தொடக் கூடாது. ஒருத்தி வராவிட்டால் பரவாயில்லை, சீட்டு நடக்கும். இரண்டு பேர் வராவிட்டால் அந்த மாதம் குலுக்கலே கிடையாது. யார் கத்தினாலும் சரி.

மருமகள் முழுகாமல் இருந்த ஒரு மத்தியானம், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே இந்தக் கதையைச் சொன்னேன். கீரையைக் கீழே வைத்துவிட்டாள். "அத்தை, நீங்க சொன்னது என்னன்னு தெரியுமா? இதைத்தாங்க அத்தை நான் ரெண்டு வருஷமா படிக்கறேன்!"

நான் நம்பவில்லை. அவள் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டு விளக்கினாள். எனக்குப் புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன்.

பேங்கில் நம் கணக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இருந்தால், அது கெட்டுப்போன அன்று நம் பணத்தின் கதி என்ன? அதனால் ஒரே கணக்கைப் பல கம்ப்யூட்டர்களில், பல ஊர்களில்கூட வைக்கிறார்கள். என் மூன்று நோட்டு மாதிரிதான். வைப்பது சுலபம். எல்லா நோட்டிலும் ஒரே மாதிரி, ஒரே வரிசையில் எழுதப்பட்டிருக்க வேண்டுமே, அதுதான் பாடு. ரயிலில் ஒரு பெர்த்தை ஒரு கம்ப்யூட்டர் ஒருவருக்கும், இன்னொரு கம்ப்யூட்டர் வேறொருவருக்கும் கொடுத்துவிட்டால்? என் ஐப்பசி மழைதான். இந்தத் துறைக்கு டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் என்று பெயர். பிரிந்து கிடக்கும் பல கம்ப்யூட்டர்கள் ஒற்றுமையாக ஒரே வேலையைச் செய்வது. கூட்டுக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சண்டையும் அதே சண்டைதான்.

"மூணுல ரெண்டுன்னு ஏன் வெச்சீங்க?" என்று கேட்டாள். "பாதிக்கு மேல இருந்தா நியாயம்தானே" என்றேன். "அது மட்டும் இல்லீங்க அத்தை. இந்த மாசம் எந்த ரெண்டு பேர் கூடினாலும், அடுத்த தடவை எந்த ரெண்டு பேர் கூடினாலும், ரெண்டு கூட்டத்துலயும் ஒருத்தியாவது பொதுவா இருந்தே ஆகணும். போன தடவை என்ன முடிவாச்சுன்னு அவளுக்குத் தெரியும். அதனால ரெண்டு முடிவு வரவே வராது." நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். உண்மைதான்! இத்தனை வருஷம் அந்தச் சட்டத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, அது ஏன் வேலை செய்தது என்று அன்றுதான் தெரிந்தது. கம்ப்யூட்டர்களிலும் இதே கணக்குதானாம். மூன்று வைத்தால் ஒன்று கெடலாம். ஐந்து வைத்தால் இரண்டு கெடலாம்.

இதில் ஒரு பெண்மணியின் பெயரைச் சொன்னாள். நான்சி லிஞ்ச் என்று அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பேராசிரியை. 1985-ல் அவரும் ஃபிஷர், பேட்டர்சன் என்ற இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அக்கரையில் இருப்பவள் செத்துப்போனாளா, மெதுவாக வந்துகொண்டிருக்கிறாளா என்று இக்கரையில் இருப்பவளால் நிச்சயமாகச் சொல்லவே முடியாது. செய்தி வந்து சேர இத்தனை நேரம்தான் ஆகும் என்ற உறுதி இல்லாத இடத்தில், ஒரே ஒரு கம்ப்யூட்டர் கெடக்கூடும் என்றாலும், எல்லோரும் கட்டாயம் ஒரு முடிவுக்கு வந்தே தீர்வார்கள் என்று உத்தரவாதம் தரக்கூடிய நிச்சயமான முறை எதுவும் கிடையாது என்று கணக்குப் போட்டே நிரூபித்துவிட்டார்களாம். நாலு மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அந்தத் தவிப்புக்குக் கணக்கில் ஒரு நிரூபணம் இருக்கிறது என்றால் பாருங்கள்!

பார்பரா லிஸ்கோவ் என்று இன்னொருவர். 1968-ல் ஸ்டான்ஃபோர்டில் பட்டம் வாங்கியவர். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயன்ஸில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். இந்த நோட்டு விஷயத்துக்கு ஒரு வழியை 1988-ல் தம் மாணவரோடு சேர்ந்து எழுதினார். 2008-ம் வருஷத்து டூரிங் பரிசு அவருக்குத்தான் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர்காரர்களுக்கு அது நோபல் பரிசு மாதிரியாம். நம் பக்கத்துக்காரர் யாரும் இல்லையா என்று கேட்டேன். ஏன் இல்லை? சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த ராணி சிரோமணி அம்மா கம்ப்யூட்டர் கணிதக் கொள்கையில் உலகம் அறிந்தவர். அவர் துறை வேறு, மருமகளின் துறை வேறு. ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு மரியாதை.

பாப்பா 2023 ஜனவரியில் பிறந்தாள். பையனுக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். பிரசவத்துக்கு முன்பே காலேஜில் லீவு கேட்டிருந்தாள். அங்கே ஆபீசில் ஒருவர், "ரிசர்ச் ஸ்காலருக்கு லீவெல்லாம் கிடையாதும்மா. கேன்சல் பண்ணிட்டு, அப்புறமா திரும்ப ரிஜிஸ்டர் பண்ணிக்கங்க" என்று சொல்லிவிட்டார். திரும்ப ரிஜிஸ்டர் என்றால் ஒன்றரை வருஷ உழைப்பு கோவிந்தா. காலேஜின் பெயர் வேண்டாம், விஷயம்தான் முக்கியம்.

பயந்துபோய், பாப்பாவுக்கு மூன்று மாதம் முடிந்ததும் வாரத்தில் மூன்று நாள் லேபுக்குப் போக ஆரம்பித்தாள். நான் முணுமுணுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே பாப்பாவையும் பார்த்துக்கொண்டேன். காலையில் பாலைப் பீய்ச்சி, கொதிநீரில் சுத்தம் செய்த மூடி போட்ட சின்னப் பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போவாள். இது எனக்குப் புதுசு. எங்கள் காலத்தில் ஏது? டாக்டரம்மா சொன்னதை இங்கே சொல்கிறேன், சின்ன அம்மாக்களுக்கு உதவும். தாய்ப்பால் வெளியில் நாலு மணி நேரம் வரை தாங்கும் என்பது 25 டிகிரிக்குள் இருக்கும் குளிர்ச்சியான அறைக்கு. நம் ஊர் சித்திரை வெயிலில் அதை நம்பாமல் உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். அங்கே நாலு நாள் வரை இருக்கலாம். ஃபிரிட்ஜின் கதவில் வைக்கக் கூடாது, உள்ளே தள்ளி வைக்க வேண்டும். அடுப்பில் நேராகச் சுட வைக்கவே கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி வைத்து வெதுவெதுப்பாக்கி, பாலாடையில் புகட்ட வேண்டும். குடித்து மிஞ்சியதைத் திரும்ப எடுத்து வைக்கக் கூடாது. பாலாடை எங்கள் அம்மா வீட்டு வெள்ளிப் பாலாடை, பையனுக்கு மருந்து புகட்டியது. பரண் மேலிருந்து தேடி எடுத்தேன்.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. அவள் இளைத்துவிட்டாள். கழுத்து வலி, தூக்கமில்லை. அப்போதுதான் அவளோடு ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண், யு.ஜி.சி. விதியைத் தாளில் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பி.எச்டி. செய்யும் பெண்களுக்குப் படிப்புக் காலத்தில் ஒரு முறை, பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் சேர்த்து 240 நாள் வரை லீவு தரலாம் என்று 2016-ம் வருஷத்து விதியிலேயே இருக்கிறது! 2022-ல் வந்த புது விதியிலும் இருக்கிறது. ஆறு வருஷக் கெடுவில் முடியாவிட்டால் பெண்களுக்கு மேற்கொண்டு இரண்டு வருஷச் சலுகையும் உண்டு. வீட்டில் மகளோ மருமகளோ ஆராய்ச்சி செய்தால், இந்த 240 நாளைக் காலண்டரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பாப்பாவோடு நானும் காலேஜ் போனேன். கைடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், நல்ல மனுஷர். ஆபீசில்தான் நாலு தடவை அலையவிட்டார்கள். நாலாவது தடவை பாப்பா அங்கேயே வீல் என்று அழுதாள். அன்று சாயங்காலமே லீவு கிடைத்துவிட்டது.

லீவு முடிந்து போன பிறகுதான் உண்மையான கஷ்டம் வந்தது.

அவள் ஆராய்ச்சி 'ராஃப்ட்' என்ற ஒரு முறையைச் சுற்றியது. 2014-ல் ஒங்காரோ என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய பேராசிரியர் ஔஸ்டர்ஹௌட்டும் சேர்ந்து வெளியிட்டது. அதற்கு முன்னால் இருந்த முறை லாம்போர்ட் என்பவர் கண்டுபிடித்த 'பாக்சோஸ்'. அது யாருக்கும் லேசில் புரியாதாம். 'புரிகிற மாதிரி ஒன்று செய்வோம்' என்பதுதான் இவர்கள் நோக்கம். இரண்டு முறையையும் 43 மாணவர்களுக்குக் கற்பித்துப் பரீட்சை வைத்தார்கள். 33 பேர் ராஃப்டில்தான் அதிக மார்க் வாங்கினார்கள். எனக்கு இந்த மனிதர்களைப் பிடித்துப் போயிற்று.

ராஃப்டில் கம்ப்யூட்டர்கள் ஓட்டுப் போட்டுத் தங்களில் ஒன்றைத் தலைவராக்கிக்கொள்கின்றன. பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும். தலைவர் 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று அடிக்கடி குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் குரல் வராவிட்டால் மறு தேர்தல். கொஞ்ச நேரம் என்றால் ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்து அதில் 150 முதல் 300 பங்கு வரை. ஒயரில் தாமதம் வந்தால், உயிரோடு இருக்கும் தலைவரையே செத்துவிட்டதாக நினைத்து வீண் தேர்தல் நடக்கும். எத்தனை நேரம் பொறுப்பது என்பதை அந்தந்த நேரத்துத் தாமதத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வழி ஒன்றை இவள் யோசித்திருந்தாள். லேபில் ஐந்து பழைய கம்ப்யூட்டர்களை வைத்து, வேண்டுமென்றே ஒயரைப் பிடுங்குவதும் கரண்டை நிறுத்துவதும்தான் பரிசோதனை. "இதுக்கா காலேஜ்? நம்ம பாப்பாவை விட்டா இலவசமா பிடுங்குவாளே" என்றேன்.

முதல் கட்டுரை திரும்பி வந்துவிட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அவளே ஒரு கதை சொல்லித் தேற்றிக்கொண்டாள். அந்த லாம்போர்ட் பாக்சோஸ் கட்டுரையை ஒரு கிரேக்கத் தீவின் பார்லிமென்ட் கதை மாதிரி எழுதி 1990-ல் அனுப்பினாராம். கதையை எடுத்துவிடுங்கள் என்றார்கள். கோபித்துக்கொண்டு கட்டுரையை அப்படியே போட்டுவிட்டார். அச்சில் வந்தது 1998-ல்! பின்னாளில் அவருக்கும் டூரிங் பரிசு.

இரண்டாவது கட்டுரையை அனுப்பினாள். வேகம் பிரமாதம் என்று கைடே மெச்சினார். அனுப்பிப் பத்து நாள் இருக்கும். பாப்பாவுக்குக் காய்ச்சல். ராத்திரி இரண்டு மணிக்கு நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் மடியில் லேப்டாப். லேபில் ஓடிக்கொண்டிருந்த சோதனையை வீட்டிலிருந்தே பார்ப்பாள். திடீரென்று, "அத்தை, ஒரே தேர்தல்ல ரெண்டு தலைவர் வந்திருக்கு" என்றாள். குரல் நடுங்கியது. வரவே கூடாததாம் அது.

"யாரோ ரெண்டு பேருக்கும் ஓட்டுப் போட்டிருக்காங்க" என்றாள். எனக்கு நாத்தனார் ஞாபகம் வந்தது. "உங்க சித்தி அப்படித்தான். சரின்னு தலையாட்டுவா, நோட்டுல எழுதிக்க மாட்டா. தூங்கி எழுந்தா மறந்துட்டு இன்னொருத்திக்கும் தலையாட்டுவா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு விடிய விடிய எதையோ தேடினாள். விஷயம் அதுதான். ஓட்டுப் போடும் கம்ப்யூட்டர், பதில் சொல்வதற்கு முன்னால் அதை டிஸ்கில் எழுதிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கரண்டு போய் வந்தாலும் ஞாபகம் இருக்கும். இவள் அவசரத்தில் எழுதிய புரோகிராமில் அந்த எழுதும் வேலை விட்டுப்போயிருந்தது. நான் என்னவோ கண்டுபிடித்துவிட்டதாக எண்ண வேண்டாம். "ராஃப்ட் கட்டுரையிலயே கொட்டை எழுத்துல போட்டிருக்குங்க அத்தை. நான்தான் கோட்டை விட்டுட்டேன்" என்று அவளே சொன்னாள்.

கஷ்டம் என்னவென்றால், டிஸ்கில் எழுதுவதற்கு நேரம் பிடிக்கும். எழுதாமல் விட்டதால்தான் அவள் முறை அத்தனை வேகமாகத் தெரிந்திருக்கிறது. அனுப்பிய கட்டுரையில் இருந்த எண்கள் தப்பு.

"யாருக்குத் தெரியப் போகுது அம்மிணி? வந்தது வரட்டும், அடுத்ததுல திருத்திக்கோ" என்றேன். நான் சொன்னதை மறைக்கவில்லை. பாப்பாவின் நெற்றியில் துணியை மாற்றிக்கொண்டே, "நீங்க ஏன் அத்தை ரெண்டு பேருக்கும் பணம் கொடுத்தீங்க? வளையலை வெச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

காலையில் கைடுக்கு ஃபோன் செய்து சொல்லிவிட்டாள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இரண்டு மாதச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்தாள். அந்த இரண்டு மாதமும் அடுப்படிப் பக்கம் அவளை நான் வரவிடவில்லை. என்னால் முடிந்தது அதுதானே. சரியாக அளந்ததில், அவள் முறையால் கிடைக்கும் ஆதாயம் பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் இருந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் 2025-ல் கட்டுரை ஏற்கப்பட்டது. கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் கைடின் பெயருக்குக் கீழே என் பெயர் இருக்கிறது. இங்கிலீஷில். அவர் மூன்று தடவை கண்ணாடி போட்டுப் பார்த்தார். "நீ என்ன பண்ணினே?" என்று கேட்டார். வளையல் கதை வெளியே வந்துவிடும் என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இப்போது தீசிஸ் கொடுத்தாயிற்று. வெளியிலிருந்து இரண்டு நிபுணர்களாவது படித்துப் பார்த்து எழுத வேண்டும். அதன் பிறகு நேரில் கேள்வி கேட்கும் வைவா. அன்று பேராசிரியர்களும் மற்ற ஆராய்ச்சி மாணவர்களும் எதிரே உட்கார்ந்திருப்பார்களாம். "நான் பின் வரிசையில உட்காரலாமா?" என்று கேட்டேன். கைடைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். அப்படிப் போனால் பாப்பாவை யார் பார்த்துக்கொள்வது? நாத்தனார் சிங்காநல்லூரிலிருந்து வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். "தலையாட்டினா போதாது, தேதி தெரிஞ்சதும் காலண்டர்ல எழுதி வை" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.